உறைபனியில் மின்தடை: டெக்சாஸ் வீடுகளுக்குள் நடந்த அறிவியல்

நம் வீட்டில் மின்சாரம் தடைபட்டால் முதலில் என்ன செய்வோம்? சன்னல்களைத் திறப்போம். காற்று வரட்டும் என்று வாசற்கதவையும் திறந்து வைப்போம். விசிறி நின்றுபோன எரிச்சலில் கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு, பக்கத்து வீட்டிலும் இருட்டுதானா என்று எட்டிப் பார்ப்போம். குளிர் நாட்டில், பனிக்காலத்தில், இதே மின்தடை வந்தால் செய்ய வேண்டியது ஏறக்குறைய எல்லாமே தலைகீழ். சன்னலையும் கதவையும் மூட வேண்டும். ஆளுக்கோர் அறை என்று இருக்காமல் எல்லாரும் ஓர் அறைக்குள் கூட வேண்டும். குழாயை இறுக மூடாமல் சொட்டவிட வேண்டும்.

“வெளியே பனி கொட்டுகிறது, ஐஸ்பெட்டிகூட தேவையில்லை, பிறகென்ன சார் கவலை?” என்று படிவம் 2 மாணவர் ஒருவர் வெப்பம் பாடத்தின்போது கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்ல, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸ் வெயிலுக்குப் பெயர்போன மாநிலம். ஹூஸ்டன் நகரின் கோடைக்காலம் கோலாலம்பூரைப் போலவே வியர்க்க வைக்கும். அங்குள்ள வீடுகளும் அந்த வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவைதான். அந்தப் பிப்ரவரியின் நடுவில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து குளிர்காற்று இறங்கியது. டாலஸ் நகரில் வெப்பநிலை −19 டிகிரி செல்சியஸ் வரை சரிந்தது. ஹூஸ்டனிலேயே −10 டிகிரி. சரியாக அந்த நாள்களில்தான் மின்சாரமும் போனது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. பல வீடுகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள்கள் மின்சாரம் வரவில்லை. அந்தப் புயல் தொடர்பாக 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அவர்களில் 161 பேர் குளிர் தாக்கி இறந்தவர்கள். 19 பேர் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவாலும், 10 பேர் தீயினாலும் இறந்தனர். கடைசி இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். அந்த 29 பேரையும் குளிர் நேரடியாகக் கொல்லவில்லை.

4 நிமிடம் 37 விநாடி

மின்சாரம் ஏன் போனது? மின்கம்பி அறுந்ததால் அன்று. தேவைக்கு ஏற்ற மின்சாரம் இல்லாததால். எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின்நிலையங்களின் கருவிகள் உறைந்தன. காற்றாலைகள் சிலவற்றின் இறக்கைகளில் பனி படிந்தது. அதே நேரத்தில், மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரத்தால் சூடேற்றப்படுபவை என்பதால் தேவை எகிறியது.

மின்னாக்கி ஒன்றை மிதிவண்டியோடு ஒப்பிடலாம். பின்னால் ஒருவர் ஏறினால் மிதிப்பவரின் வேகம் குறைகிறது. அதுபோல, பளு கூடினால் மின்னாக்கியின் சுழற்சி வேகம் குறையும். அதனோடு மின்சாரத்தின் அலைவெண்ணும் குறையும். அமெரிக்காவில் அலைவெண் 60 ஹெர்ட்ஸ் (நம் நாட்டில் 50). பிப்ரவரி 15ஆம் நாள் அதிகாலையில் அது 59.3 வரை இறங்கியது. வெறும் 0.7 தானே என்று தோன்றும். ஆனால் 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே 9 நிமிடங்கள் நீடித்தால் மின்னாக்கிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். அன்று 4 நிமிடம் 23 விநாடி நீடித்தது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி கடந்திருந்தால் மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்திருக்கலாம். அதை மீண்டும் உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால்தான் கட்டமைப்பை நடத்தும் எர்காட் நிறுவனம் வேண்டுமென்றே வட்டாரம் வட்டாரமாக மின்சாரத்தைத் துண்டித்தது. துண்டிக்கப்பட்ட அளவு உச்சத்தில் 20,000 மெகாவாட்.

இது தொலைதூரக் கதை என்று நினைக்க வேண்டாம். 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் திரங்கானுவின் பாக்கா மின்நிலையப் பகுதியில் தொடங்கிய ஒரு கோளாறு அடுக்கடுக்காகப் பரவித் தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளாக்கியது. உங்கள் அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அன்று எங்கிருந்தார்கள் என்று பெரும்பாலோருக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரிவாயுவால் சூடேற்றும் வீடுகளும் அன்று குளிர்ந்தன. அடுப்பில் எரிவாயு இருந்தாலும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே!

வீடு எப்படிக் குளிர்கிறது?

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழி. தேர்வுக்கு மனப்பாடம் செய்த இந்த மூன்றையும் ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். சுவரும் கண்ணாடியும் கடத்தலால் வெப்பத்தை இழக்கின்றன. கதவிடுக்கு வழியே சூடான காற்று வெளியேறிக் குளிர்காற்று நுழைவது சலனம். உங்கள் உடம்பு எதிரிலுள்ள குளிர்ந்த சன்னலை நோக்கி வெப்பத்தை வீசுவது கதிர்வீச்சு. காற்றே அசையாத அறையிலும் சன்னல் பக்கம் அமர்ந்தால் சில்லென்று இருப்பது இதனால்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கு, சுமார் 5.7 வாட் வெப்பத்தை வெளியே விடும். சன்னலின் பரப்பு 2 சதுர மீட்டர். உள்ளே 16 டிகிரி, வெளியே −4 டிகிரி என்று வையுங்கள். வேறுபாடு 20 டிகிரி. 5.7 × 2 × 20 = 228 வாட். சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். ஆக, ஒரே ஒரு சன்னல் இரண்டு பேரின் உடல் வெப்பத்தை விழுங்கிவிடுகிறது! இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அடைபட்ட காற்றுதான் அதற்குக் காரணம். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். எல்லா அறைகளையும் கட்டிக் காக்க முடியாது. சன்னல் குறைவான, வெளிச்சுவர் குறைவான ஒரு சிறிய அறையைத் தேர்ந்தெடுத்து வீட்டார் அனைவரும் அங்கே கூட வேண்டும். நான்கு பேர் இருந்தால் 400 வாட். பணம் கட்டத் தேவையில்லாத சூடேற்றி! கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் சலனம் தடைபடும். சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டால் அதற்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு காற்றடுக்கு உருவாகும். பகலில் வெயில் விழும் பக்கத்துத் திரையை மட்டும் திறந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மூடிவிட வேண்டும். அறைக்குள் சிறிய முகாம் கூடாரம் போட்டு அதற்குள் உறங்கலாம். காற்றின் அளவு குறைவாக இருந்தால் உடல் வெப்பத்தால் அது சீக்கிரம் சூடேறும்.

வீடு குளிரும் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. உள்ளும் வெளியும் வேறுபாடு கூடுதலாக இருக்கும்போது வெப்பம் வேகமாக ஓடும். வேறுபாடு குறையக் குறைய ஓட்டமும் தளரும். நியூட்டன் கண்ட விதி இது. முதல் நாளில் 20 டிகிரி வேறுபாடு 10 ஆகிறது என்றால் இரண்டாம் நாளில் 5 ஆகும், 0 ஆகாது. அதனால், மின்சாரம் போன உடனேயே கதவு சன்னல்களை மூடுவதில்தான் பயன் அதிகம். குளிரத் தொடங்கிய பிறகு மூடலாம் என்றிருந்தால் பெரும்பங்கு வெப்பம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

உடம்பு எப்படிக் குளிர்கிறது?

தடித்த ஒரு சட்டையைவிட மெல்லிய மூன்று சட்டைகள் மேல். துணி நமக்கு வெப்பத்தைத் தருவதில்லை. நம் வெப்பத்தைக் காற்றோடு சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அடுக்குகள் கூடினால் அடைபடும் காற்றும் கூடும். ஈரமானால் எல்லாம் கெட்டது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பனியில் நனைந்த காலுறையோடு உட்கார்ந்திருப்பது வெறுங்காலோடு இருப்பதைவிட மோசம். வெறுந்தரையில் படுக்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். மெத்தை இல்லையென்றால் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி. அது 35க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடல் நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்கும் முயற்சி. பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், சிந்தனை குழம்பும். குளிரில் கிடந்தவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு அமைதியானால் தேறிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. உடம்பிடம் சக்தி தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். அதுவரை ஈர உடையைக் களைந்து, கைகால்களை அல்ல, மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்திச் சூடாக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். ஒரு குவளை மைலோ போதும். மது கூடவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளிருக்கும் சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் வெப்பம் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். முதியோரும் கைக்குழந்தைகளும் மற்றவர்களைவிட வேகமாகக் குளிர்வார்கள் என்பதால் அவர்களை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

இனி அந்த 19 பேர். குளிர் பொறுக்க முடியாமல் போனால் மனிதர் எதையாவது கொளுத்தத்தான் நினைப்பார். டெக்சாஸில் சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். சிலர் மின்னாக்கியை உள்ளே ஓடவிட்டார்கள். ஹூஸ்டனில் வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டகையில் கார் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் இறந்து கிடந்தனர்.

கரியோ பெட்ரோலோ போதிய உயிர்வளியோடு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். உயிர்வளி போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. அதன் அடர்த்தியும் ஏறக்குறைய காற்றின் அடர்த்தியே. மேலே போய்த் தேங்குவதும் இல்லை, கீழே படிவதும் இல்லை, அறை முழுவதும் கலந்துவிடும்.

அது எப்படிக் கொல்கிறது? நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் உயிர்வளியைப் பற்றிக்கொண்டு உடல் முழுவதும் சேர்க்கிறது. கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினை உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும். ஒரு பேருந்தின் இருக்கைகளில் ஏறி உட்கார்ந்து, இறங்கவே மறுக்கும் பயணிகளை எண்ணிக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் உயிர்வளி காத்திருக்கிறது, பேருந்தும் வருகிறது, இடம்தான் இல்லை. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் இரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். அதனால்தான் மருத்துவமனையில் தூய உயிர்வளி கொடுக்கிறார்கள். அப்போது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

இதில் வஞ்சகமான ஒன்று இருக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு என்று அறிகுறிகள் எல்லாம் சளிக்காய்ச்சலைப் போலவே இருக்கும். குளிர்காலம் அல்லவா, காய்ச்சல்தான் என்று படுத்துவிடுவார்கள். காய்ச்சல் சூடு இல்லாமல், ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்பட வேண்டும். வெளியே போனதும் வலி குறைந்தால் சந்தேகம் உறுதி. கோவிட் காலத்தில் நாம் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் உயிர்வளி அளவியும் இங்கே கைகொடுக்காது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் அதன் சிவப்பு ஒளிக்கு உயிர்வளி ஏறியதைப் போலவே தெரியும். கருவி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். இதற்கென்றே உள்ள, மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றே நம்பத்தக்கது.

ஆகவே கரி அடுப்பு, மின்னாக்கி, கார் ஆகிய எதுவும் வீட்டுக்குள்ளோ கார்க் கொட்டகையிலோ கூடாது. “சன்னலைத் திறந்து வைத்தேனே” என்பதும் போதாது. மின்னாக்கி வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை சன்னலை நோக்காதபடி, வெளியே இருக்க வேண்டும். நமக்குப் பனி இல்லை. ஆனால் வெள்ளக் காலத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும்போது மின்னாக்கியை மழையில் நனையாமல் ஐந்தடியிலோ சமையலறையிலோ வைக்கத் தோன்றும். வாயுவுக்குப் பனியும் வெள்ளமும் ஒன்றுதான்.

மெழுகுவர்த்தி? ஒன்று சுமார் 80 வாட் வெப்பம் தரும். ஒரு மனிதரைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் போர்வைகள் தொங்கும் கூடாரத்துக்குள் அது வேண்டவே வேண்டாம். தீயில் இறந்த அந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குக் கைவிளக்கே போதும்.

மின்னாக்கியைச் சுவர்ச் செருகியில் மாட்டி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க முயல்வது இன்னொரு கொடிய தவறு. மின்மாற்றி இரு பக்கமும் வேலை செய்யும் கருவி. அமெரிக்கத் தெருக் கம்பங்களில் 7,200 வோல்ட்டை 240 ஆகக் குறைக்கும் அதே மின்மாற்றி, வீட்டிலிருந்து 240 வோல்ட் போனால் அதை 7,200 ஆக உயர்த்தித் தெருக் கம்பிக்கு அனுப்பும். சுருள்களின் விகிதம் 30 அல்லவா! அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிப் பழுதுபார்க்கும் ஊழியரின் கதி என்ன?

உறையும் குழாயும் உருகும் ஐஸ்பெட்டியும்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடையும். குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்த்தலைக்கும் இடையில் சிக்கிய நீரின் அழுத்தம் கடுமையாக ஏறி, குழாய் வெடிக்கும். குழாயைச் சொட்டவிட்டால் அந்த அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும். டெக்சாஸ் வீடுகள் பலவற்றில் தண்ணீர்க் குழாய்கள் கூரைக்கடியில் ஓடுகின்றன. பனி உருகத் தொடங்கியபோது வீட்டுக்குள்ளேயே மழை பெய்ததுபோல் மேற்கூரை இடிந்து கொட்டியது அதனால்தான். நீண்ட நேரம் மின்சாரம் வராது என்று தெரிந்தால், குடிப்பதற்கு வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, முதன்மைத் தடுக்கிதழை மூடிக் குழாய்களைக் காலி செய்துவிடுவதே மேல்.

இப்போது அந்த மாணவரின் ஐஸ்பெட்டிக்கு வருவோம். திறக்காமல் வைத்தால் ஐஸ்பெட்டி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். உணவை வெளியே பனியில் புதைக்கலாமே என்றால், பகல் வெயில் படும் பொருள் பனிக்கு நடுவிலும் 4 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், விலங்குகளும் விடா. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. போத்தல்களில் தண்ணீரை முக்கால்வாசி ஊற்றி வெளியே வைத்து உறையவிட்டு, அவற்றை ஐஸ்பெட்டிக்குள் வைப்பது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334,000 ஜூல் வெப்பம் தேவை. ஐஸ்பெட்டிக்குள் விநாடிக்கு 40 ஜூல் கசிகிறது என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ பனிக்கட்டி அதை நாலரை மணி நேரத்துக்கு மேல் விழுங்கிக்கொண்டிருக்கும். உள்ளுறை வெப்பம் என்று பாடநூலில் படிப்பது இதைத்தான்.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. சூடேற்றிகளையும் பெரிய கருவிகளையும் முன்பே அணைத்து, ஒரே ஒரு விளக்கின் விசையை மட்டும் திறந்து வைக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எல்லா வீடுகளும் ஒரே நொடியில் முழு மின்சாரத்தையும் இழுத்தால், அலைவெண் மறுபடியும் சரியும். அந்த ஒற்றை விளக்கு எரிந்ததும் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடலாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு காலி டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றைக் கசக்கிய நாளிதழ்த் தாளாலும், ஒன்றை உலர்ந்த துண்டாலும், ஒன்றை நன்கு நனைத்துப் பிழிந்த அதே வகைத் துண்டாலும் சுற்றுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியோடு நான்கிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். வெப்பமானியால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் அளந்து, நான்கு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். எந்தக் கோடு முதலில் சரிகிறது? கோடுகள் நேராக இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா? நனைந்த துண்டு சுற்றிய டின், எதுவும் சுற்றாத டின்னைவிட வேகமாகக் குளிர்ந்தால், அதற்குக் கடத்தல் மட்டுமே காரணமா, வேறொன்றும் சேர்ந்திருக்கிறதா? விசிறிக் காற்றில் வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்தால் அந்த இன்னொரு காரணம் பிடிபடும்.